மாமா உள்ளே

மலைச் சைக்கிள் வீடியோவில் இரண்டு பேருக்கு வேலை உண்டு. ஒருவன் மேலிருந்து கீழே வருவான். அவனை உலகம் பார்க்கும். இன்னொருவர் புதருக்குள் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். அவரை அட்டை பார்த்துக்கொள்ளும். மேலிருந்து வந்தவன் என் அக்கா மகன். புதருக்குள் இருந்தது நான்.

எனக்குக் கேமரா தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் வெகுகாலமாக உலவும் வதந்தி. ஒரு கல்யாணத்தில் வீடியோக்காரர் பந்திக்குப் போன இடைவெளியில் அவருடைய கேமராவை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். வைத்துக்கொண்டுதான் நின்றேன், அது ஓடவில்லை. ஆனால் அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்த உறவினர்கள் அத்தனை பேரும் தலையைக் கோதிக்கொண்டார்கள். ஒரு மனிதனின் தொழில்நுட்பத் தகுதி இப்படித்தான் முடிவாகிறது.

"மாமா, நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம். சும்மா நின்னாப் போதும்" என்றான் பையன். உலகத்தில் கடினமான வேலைகளுக்கெல்லாம் இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் ஆள் பிடிக்கிறார்கள்.

அவனுடைய சைக்கிள் ஹார்டுடெயில் வகை. முன்சக்கரத்துக்கு மட்டும் சஸ்பென்ஷன். பின்சக்கரத்துக்கு வருவதையெல்லாம் ஓட்டுபவனின் முதுகெலும்பு வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டாண்டு கிடையாது. கேரியர், மட்கார்டு, பெல், செயின் கவர் எதுவும் கிடையாது. வீட்டுக்கு வந்த அன்று அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "பாதி சைக்கிளுக்கே இவ்வளவு காசுன்னா, மீதி எப்படா வரும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்லப்பட்ட விலை உண்மையான விலையில் ஒரு பகுதிதான் என்பது அவனுக்கும் எனக்கும் கடைக்காரருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

எடுக்கப்போகும் படத்துக்கு மாதிரி என்று டேனி மக்கஸ்கிலைக் காட்டினான். ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோவின் சுவர்கள், படிகள், ஈட்டிமுனை வேலி என்று சைக்கிள் ஏறக்கூடாத எல்லாவற்றின் மீதும் ஏறி ஓட்டுவார். 2009இல் வந்த அந்த வீடியோ அவரை ஒரே நாளில் உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. படம்பிடித்தவர் அவருடைய அறைத்தோழர் டேவ் சவர்பி. மாதக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள். வேலியின் மேல் ஏறும் முயற்சியில் டேனி விழுந்து விழுந்து எழுகிறார். பார்க்கிறவர்கள் எல்லோரும் விழுகிறவருக்காகப் பதறினார்கள். என் அனுதாபம் முழுவதும் கேமராவோடு நின்ற அறைத்தோழர் பக்கம். அடுத்து 2014இல் வந்த 'தி ரிட்ஜ்'. ஸ்கை தீவில் கூலின் மலையின் கூரிய முகட்டில், இருபுறமும் பாதாளம், நடுவில் டேனி. சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு பாறையில் தொற்றி ஏறுகிறார்.

"இதே மாதிரி மாமா. ஆனா சிம்பிளா."

பிராண்டன் செமினக் என்ற கனடாக்காரரையும் காட்டினான். 2015இல் வந்த 'அன்ரியல்' படத்தில் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஒரு மலையை இறங்கி முடிக்கிறார். கேமரா ஆடாமல் அசையாமல் கூடவே வருகிறது. எப்படி என்று விசாரித்தால், கலிஃபோர்னியாவில் அந்தப் பாதையை வெட்டியவர்கள், கேமரா லாரி பக்கத்திலேயே ஓடுவதற்கு இன்னொரு பாதையையும் வெட்டியிருக்கிறார்கள். எங்களிடம் இருந்தது ஒரு முக்காலி. அதில் ஒரு கால் பூட்டிக்கொள்ளாது. அந்த இடத்தில் என் காலை முட்டுக்கொடுக்க வேண்டும். சும்மா நின்றால் போதும் என்றது இதைத்தான்.

இடம் கோத்தகிரி. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது, சக்கரம் வைப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே பையனுடைய நண்பனின் தாத்தாவுக்குச் சொந்தமான தேயிலைத் தோட்டத்தில் ஏற்பாடு. தாத்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒரே நிபந்தனை போட்டார்: "செடியை மிதிக்கக் கூடாது. விழறதுன்னா பாதையிலேயே விழுந்துக்கோங்க." கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் இந்தப் பக்கமாகத்தான் மலையேறி வந்தார். கண்ணேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்றும் இருக்கிறது. அவர் ஏறியபோது சாலை கிடையாது, கேமராவும் கிடையாது. ஒரு விதத்தில் கொடுத்துவைத்தவர்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் கண்டதும் கை ஓய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பையன் முழங்கால் கவசம், முழங்கை கவசம், தலைக்கவசம் எல்லாம் மாட்டி முடிக்கும்வரை மௌனமாக இருந்த ஓர் அம்மா, "கீழ மாடு நிக்கும் தம்பி, பாத்துப் போங்க" என்றார். மாட்டுக்கு வழிவிடத் தெரியாத கோயம்புத்தூர்க்காரன் உண்டா? காந்திபுரத்தில் பஸ்ஸுக்கும் மாட்டுக்கும் நடுவில் நின்று பழகியவன் நான். தலையாட்டிவிட்டு இறங்கினேன்.

அன்றைக்கு முழுவதும் நடந்தது இவ்வளவுதான். பையன் மேலே போவான். நான் கீழே புதருக்குள் போவேன். விசில் கொடுப்பேன். அவன் வருவான். மூன்று வினாடியில் என்னைக் கடந்து போய்விடுவான். அந்த மூன்று வினாடிக்காக மறுபடியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க மேலே ஏறுவான். இறங்குவதற்கென்றே செய்த சைக்கிளை வைத்துக்கொண்டு நாளெல்லாம் ஏறிக்கொண்டே இருந்த பையனைப் பார்க்கக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கே பாவமாக இருந்தது. எனக்கு அப்படி இல்லை. சினிமாவில் இயக்குநர்கள் 'ஒன் மோர்' என்று சொல்வதில் என்ன சுகம் காண்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. ஃபோகஸ் சரியாக இருந்தபோதும் ஓரிரு தடவை சொன்னேன்.

இந்த விளையாட்டு வளர்ந்த கதையில் கலிஃபோர்னியாவின் மாரின் மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. அங்கே 1976இல் ரீபேக் என்ற பந்தயம் தொடங்கியது. கனத்த பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் பிரேக். இறக்கம் முடிவதற்குள் பிரேக்கில் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். சுமார் 1,300 அடி இறக்கத்தை கேரி ஃபிஷர் என்பவர் 4 நிமிடம் 22 வினாடியில் முடித்துச் சாதனை படைத்தார். அவரை ஒரு மாமா படமெடுத்திருந்தால் சாதனை நேரம் சாயங்காலம் ஐந்தரை மணி என்று பதிவாகியிருக்கும்.

பையனின் தலைக்கவசத்திலும் ஒரு கேமரா இருந்தது. நெருப்புப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. கடலலையில் சறுக்கும்போது தன்னைத் தானே படம்பிடித்துக்கொள்ள வழியில்லாமல் தவித்த நிக் உட்மன் என்ற அமெரிக்கர், மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஃபிலிம் கேமரா ஒன்றை 2004இல் விற்கத் தொடங்கினார். அதுதான் முதல் கோப்ரோ. கரையில் நிற்க ஒரு மாமா கிடைக்காத குறையால் பிறந்த தொழில் அது.

இரவு வீட்டுக்கு வந்ததும் டிவியில் போட்டோம். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மலை எப்படா வரும்?"

"அதுதாம்மா மலை."

"இதா? நம்ம வாசல்ல வண்டி ஏத்தற சறுக்கு இதைவிடச் செங்குத்தா இருக்குமேடா" என்று சொல்லிவிட்டுத் தோசைக்கு மாவு கரைக்கப் போய்விட்டாள்.

பையனின் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த இறக்கத்தை நான் கண்ணால் கண்டவன். நடந்து இறங்கும்போதே செடியைப் பிடித்துக்கொண்டு, தாத்தாவின் நிபந்தனையை மீறி, பக்கவாட்டாகக் கால் வைத்து வந்தவன். திரையில் அது ரேஸ்கோர்ஸ் நடைபாதையாக இருந்தது.

கேமரா மலையைத் தட்டையாக்கிவிடும். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை மனமுடைந்து தெரிந்துகொள்ளும் செய்தி இது. அந்தச் சின்னக் கேமராவின் லென்ஸ் அகலக்கோணம் கொண்டது. எல்லாவற்றையும் தள்ளிவைத்துக் காட்டும். இரண்டடிப் பள்ளம் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரியும். கேமரா இருப்பது தலையில். இறங்கும்போது தலையும் சரிவோடு சேர்ந்து குனிவதால், எது கிடைமட்டம் என்று கண்ணுக்குச் சொல்ல ஆளில்லை. போதாததற்கு இப்போதைய கேமராக்களில் ஆட்டத்தைத் துடைத்தெடுக்கும் ஏற்பாடு வேறு. வேர், கல், பள்ளம் என்று பையனின் பல் கிடுகிடுத்த இடத்தையெல்லாம் அது நான்குவழிச் சாலையாகச் செப்பனிட்டுக் கொடுத்துவிட்டது. நெடுஞ்சாலைத் துறையில் இருக்க வேண்டிய மென்பொருள்.

நான் அன்றிரவு ஒரு கொள்கை முடிவுக்கு வந்தேன். முதலில் பொய் சொன்னது கேமரா. உண்மையைத் திரும்பப் பெறுவதற்காக நாம் சொல்லும் எதிர்ப்பொய்யில் பாவமில்லை.

மறுபடியும் கோத்தகிரி. இந்தத் தடவை கேமரா தலையிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. அங்கே வைத்தால் கைகளும் ஹேண்டில்பாரும் படத்துக்குள் வரும். அவை குலுங்குவதைப் பார்த்தாவது தரையின் லட்சணம் தெரியும். நான் பாதையின் அடிவாரத்துக்குப் போய், தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் மேல்நோக்கி எடுத்தேன். அந்த லென்ஸ் முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் அமுக்கி ஒட்டவைக்கும். சரிவு சுவராக எழுந்து நிற்கும்.

ஆனால் உண்மையில் எங்களைக் காப்பாற்றியது சில்வர் ஓக் மரம். தேயிலைச் செடி நம்பத்தகாதது. கவாத்து செய்து மட்டம் தட்டிய செடிகள் தரை எந்தக் கோணமோ அந்தக் கோணத்திலேயே வளர்ந்து, மலையை அப்படியே மறைத்துவிடும். நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் அப்படியில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குடியேறிய மரம், எந்தச் சரிவில் நட்டாலும் கொத்தனாரின் தூக்குக்குண்டாகச் செங்குத்தாக நிற்கும். படத்துக்குள் இரண்டு சில்வர் ஓக் வந்துவிட்டால் போதும், பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். முக்காலியையே கொஞ்சம் சாய்த்து வைத்து மலையை மேலும் செங்குத்தாக்கும் ஆட்களும் உண்டு. அது அயோக்கியத்தனம். தவிர, சில்வர் ஓக்கும் சேர்ந்து சாய்ந்து நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே நேர்மையைக் கடைப்பிடித்தோம்.

பிறகு எடிட்டிங். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அது உட்கார்ந்துவிட்டது. கனமான கோப்புகளுக்கு ப்ராக்ஸி என்று இளைத்த நகல் தயாரித்து அதை வெட்டி ஒட்டி, கடைசியில் அசலை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொண்டோம். பையன் கோப்புகளை மூன்று அறையாகப் பிரித்தான். ஒன்றின் பெயர் 'நல்லது'. இன்னொன்று 'சுமார்'. மூன்றாவது 'மாமா உள்ளே'. அதாவது அவனுடைய கேமராவில் நான் முக்காலியும் கையுமாகவோ, அட்டையைப் பிய்த்துக்கொண்டோ, கொட்டாவி விட்டுக்கொண்டோ விழுந்துவிட்ட துண்டுகள். என் தொப்பியின் நுனி தெரிந்தாலே போதும், மேற்கொண்டு பார்க்காமல் அதில் தள்ளிவிடுவான். மூன்றில் அதுதான் பெரியது.

ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் 'அபொகாலிப்ஸ் நவ்' படத்தில், எடுத்ததில் 95 பங்குக்கு ஒரு பங்குதான் திரைக்கு வந்தது என்று அதன் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச் எழுதியிருக்கிறார். நாங்கள் அந்தக் கணக்கை அலட்சியமாகத் தாண்டியிருப்போம். அவர்களிடம் ஹெலிகாப்டர்கள் இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெட்டுவதில் எங்களுக்குள் சண்டை வந்தது. எந்தத் துண்டு எடுக்க அவன் அதிகம் வியர்த்தானோ, அந்தத் துண்டு படத்தில் இருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. வியர்வை திரையில் தெரியாது என்பது என் கட்சி. நடுவில் ஸ்லோமோஷன். ஒரு அடி உயரம் குதித்தால் சைக்கிள் காற்றில் இருப்பது அரை வினாடி. சினிமாவின் வழக்கமான வேகமான வினாடிக்கு 24 சட்டகத்தில் அது 12 படம், கண் சிமிட்டினால் போயிற்று. 120 சட்டகத்தில் எடுத்து 24இல் ஓட்டினால் இரண்டரை வினாடி மிதக்கும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து பையன் தண்ணீர் குடிப்பதையும் ஸ்லோமோஷனில் வைக்க ஆரம்பித்தான். வெள்ளை உடைத் தேவதைகளை ஓடவிட்ட பாரதிராஜாவே பாட்டுக்கு மட்டும்தான் அதைச் செய்தார், நீ டயருக்குக் காற்றடிப்பதற்கெல்லாம் செய்யாதே என்று அடக்கினேன்.

பெரிய பள்ளத்துக்கு முன்னால் அவன் முகத்தில் ஒரு பயம் தேவைப்பட்டது. எடுத்ததில் எங்கும் அவன் பயப்படவில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அந்த ஒழுக்கமே இல்லை. கடைசியில் டீக்கடையில் கொதிக்கக் கொதிக்க வந்த மிளகாய் பஜ்ஜியை, தலைக்கவசத்தைக் கழற்றாமலே அவன் உற்றுப் பார்க்கும் ஒரு துண்டு கிடைத்தது. கடிக்கலாமா, கூடாதா என்ற அந்தக் கண். அதை வெட்டிப் பள்ளத்துக்கு முன்னால் வைத்தேன். சிலிர்த்துவிட்டது. ஒரே முகத்தை ஒரு தட்டு சூப்புக்கும் ஒரு சவப்பெட்டிக்கும் பக்கத்தில் வைத்தால் பசியாகவும் துக்கமாகவும் தெரியும் என்று ரஷ்யாவின் லெவ் குலெஷவ் நூறு வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார். பஜ்ஜி அவர் ஊரில் இல்லை.

இசைக்கு இளையராஜா வேண்டும் என்றான். காப்புரிமைக் காவலர் அடுத்த நிமிடமே வந்து நிற்பார். இலவச இசை என்று கிடைப்பதில் எல்லாவற்றிலும் ஒரு யுகுலேலே, ஒரு கைதட்டல், ஒரு விசில். சோப்பு விற்கத்தான் லாயக்கு. தேடிப் பிடித்து நிமிடத்துக்கு 120 தட்டு விழும் ஒரு தாளத்தை எடுத்தோம். ஒரு தட்டுக்கு அரை வினாடி. அவன் குதித்து இறங்குவதும் அரை வினாடி. இயற்கையே எங்கள் பக்கம் நின்ற ஒரே இடம் அது.

ஆனால் படத்துக்கு உயிர் வந்தது இசையால் அல்ல, சத்தத்தால். கேமராவில் பதிவானது காற்றின் இரைச்சல் மட்டும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஜாக் ஃபோலி என்ற ஹாலிவுட்காரர் 1920களின் கடைசியில் தொடங்கிவைத்த வழியில், வேண்டிய சத்தத்தை வீட்டிலேயே தயாரித்தோம். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு அந்த டிக்டிக்கைப் போனில் பதிந்தோம். தாம்பாளத்தில் கல் உப்பைப் பரப்பி அழுத்தித் தேய்த்தால் சரளையில் டயர் அரைபடுகிறது. முறத்தில் காய்ந்த தேக்கிலை. சக்கரம் தரையில் இறங்கும் 'தொம்'முக்கு அரிசி மூட்டையை ஸ்டூலிலிருந்து தள்ளினோம். நடு இரவில் அக்கா எழுந்து வந்து, சமையலறையில் தம்பி உப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பதையும் மகன் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நிமிடப் படம் தயாரானது. விளக்கை அணைத்து, ஸ்பீக்கரைக் கூட்டி, அக்காவை உட்காரவைத்தோம். முதல் இறக்கத்தில் அவள் கை சோபாவின் கைப்பிடியைப் பற்றியது. சில்வர் ஓக்குகள் நிமிர்ந்தன, பாதை கவிழ்ந்தது, உப்பு அரைபட்டது. பஜ்ஜிப் பார்வை வந்தபோது "ஐயோ சாமி" என்றாள். அரிசி மூட்டை விழுந்ததும் ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டாள்.

"இன்னையோட சரி. சைக்கிளைக் கொண்டுபோய் மொட்டைமாடி ரூம்ல போட்டுப் பூட்டு." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, எம்பையன் இப்படி விழுந்து சாகப் பாக்கறான். நீ பக்கத்துல நின்னு படமா புடிச்சுட்டு இருந்தே?"

எனக்குள் இருந்த கலைஞன் எழுந்து நின்று வணங்கிக்கொண்டிருந்தான். பையன் என் முழங்கையைக் கிள்ளினான். "மாமா, அந்தப் பழையதைப் போடுங்க. சமதளம்தான்னு நீங்களே சொல்லுங்க."

எந்தத் தட்டையை ஒழிக்க இத்தனை பாடுபட்டோமோ, அந்தத் தட்டையையே சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியதாயிற்று. 'நல்லது', 'சுமார்' இரண்டிலும் நல்ல தட்டைத் துண்டுகளை நான் ஏற்கெனவே அழித்திருந்தேன். மிச்சம் இருந்தது 'மாமா உள்ளே'. திறந்து ஒவ்வொன்றாக ஓட்டினேன். லென்ஸ் எப்படி ஏமாற்றும், உப்பு எது, பஜ்ஜி எது என்று விளக்கிக்கொண்டே வந்தேன். அக்காவின் முகம் தெளிந்தது. பையன் நெடுஞ்சாலையில் மிதந்தான். கீழே நான் முக்காலிக்குக் கால் முட்டுக்கொடுத்து நின்றேன்.

"அது யாருடா உனக்குப் பின்னாடி?"

"யாரும் இல்லக்கா. மர நிழல்."

"நிழலு காலுக்கு வெள்ளை சாக்ஸ் போட்டிருக்குது?"

நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தோம். முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களிலும் வெள்ளை. அதற்கு மேலே கறுப்பாக ஒரு டன் காட்டெருமை, கொம்போடு, சில்வர் ஓக்குக்குப் பக்கத்தில் நின்று நான் படமெடுப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த துண்டிலும் இருந்தது. அதற்கடுத்த துண்டில் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

"தூரமாத்தான் நிக்குதும்மா" என்றான் பையன்.

"இந்த லென்ஸ்ல கிட்ட இருக்கறதெல்லாம் தூரமாத் தெரியும்னு இப்பத்தானடா உங்க மாமா சொன்னான்?" என்றாள் அக்கா.

சைக்கிளுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. மொட்டைமாடி அறையில் இப்போது முக்காலி இருக்கிறது. சாவி அக்காவிடம்.